பதில் சொல்லும் முன் ஆளைப் பார்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

கூட வேலை பார்க்கிறவர் நம் விசுவாசத்தைக் கிண்டல் செய்ததையும், நீ வசனத்தை எடுத்துச் சொல்லி அவர் வாயை அடைத்ததையும் போனில் சொன்னாய். நீ சொன்ன வசனத்தில் தப்பில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் உன்னோடு பேசுவதே இல்லை என்றாயே, அதுதான் எனக்கு மனதில் நிற்கிறது.

வேதத்தில் நியாயாதிபதிகள் புத்தகத்தின் 8-ம் அதிகாரத்தையும் 12-ம் அதிகாரத்தையும் சேர்த்து வாசித்துப் பார். இரண்டிலும் சண்டைக்கு வருகிறவர்கள் இஸ்ரவேலருக்குள்ளேயே ஒரு கோத்திரமான எப்பிராயீம் கோத்திரத்தார். குறையும் ஒன்றுதான்: யுத்தத்துக்கு எங்களை ஏன் கூப்பிடவில்லை? 8-ம் அதிகாரத்தில், மீதியானியரோடு நடந்த யுத்தத்தில் இஸ்ரவேலை நடத்தின கிதியோன் அவர்களிடம், அந்த மீதியானியரின் அதிபதிகளான ஓரேபையும் சேபையும் பிடித்தது நீங்கள்தானே, அதற்கு முன் நான் செய்தது எம்மாத்திரம் என்றான். அவர்கள் கோபம் ஆறிப்போயிற்று. அவன் சொன்னது முகஸ்துதி இல்லை, நடந்த விஷயம். அவர்கள் மனம் எங்கே நொந்திருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ற உண்மையைச் சொன்னான். 12-ம் அதிகாரத்தில், அவனுக்குப் பின்னால் இஸ்ரவேலை யுத்தத்தில் நடத்தின யெப்தாவோ, நான் கூப்பிட்டேன், நீங்கள்தான் வரவில்லை என்றான். அவன் வீட்டைக் கொளுத்துவோம் என்று மிரட்டிக்கொண்டுதான் அவர்கள் வந்தார்கள், அதையும் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்தப் பேச்சு யுத்தத்தில் போய் முடிந்து, எப்பிராயீமில் 42,000 பேர் செத்தார்கள். அத்தனை பேரும் சொந்த இஸ்ரவேலர்! அந்த எண்ணிக்கையை என்னால் சும்மா வாசித்துக் கடக்க முடிவதில்லை.

அப்போஸ்தலன் பவுல் காவலில் கட்டுண்டிருந்தபோது கொலோசெ சபையாருக்கு எழுதினாரே, "அவனவனுக்கு இன்னின்னபடி உத்தரவு சொல்லவேண்டும்" என்று. உத்தரவு என்றால் இங்கே பதில். கிண்டலாகக் கேட்கிற எல்லாரும் ஒரே மாதிரி இல்லையப்பா. ஒருவர் பொழுதுபோகாமல் கேட்பார். இன்னொருவர் விசுவாசி என்று சொல்லிக்கொண்ட யாரிடமோ அடிபட்டிருப்பார். அது தெரியாமல் எந்த வசனத்தை எடுப்பாய்? "உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்று கேள். அப்புறம் அவர் முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. அவர் சொல்லும்போதே உன் மனது பதிலைத் தயார் செய்தால், நீ கேட்கவில்லை என்றுதான் அர்த்தம்.

துக்கத்தில் இருக்கிறவரிடம் "எல்லாம் தேவ சித்தம்" என்று உடனே சொல்லிவிடாதே. பிள்ளைகளையெல்லாம் இழந்து துக்கத்தில் இருந்த யோபுவோடு அவன் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் கூட உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்தபிறகுதான் அவனை நோகடித்தார்கள்.

இன்னொன்று, இது நம் விசுவாசிகளுக்குள்ளேயே நடப்பது. "ஜெபக் குறிப்புக்காகச் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து அடுத்தவர் வீட்டுக் காரியத்தை வாட்ஸ்ஆப் குழுவில் போடுவார்கள். அதில் நீ சேராதே. ஜெபிக்க ஒரு பெயர் போதும், கதை வேண்டாம்.

இனிமையாகப் பேசுவதென்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ளாதே. யாராவது பொய்க் கணக்கு எழுதச் சொன்னால் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். அதைச் சத்தம் போடாமல், தனியாக, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்.

சரி, இப்போது செய்ய வேண்டியது இதுதான். கிண்டல் செய்த அந்தக் கூட வேலை பார்க்கிறவரிடம் நீயே போய், "அன்றைக்கு நான் பேசின விதம் சரியில்லை, மன்னியுங்கள். நீங்கள் கேட்க வந்ததை நான் முழுசாகக் கேட்கவே இல்லை" என்று சொல். அதோடு நிறுத்து, வசனத்தை அதற்குள் இழுக்காதே. அவர் முகம் கொடுக்காமல் போனாலும் மறுநாள் வணக்கம் சொல், அதற்கு மறுநாளும் சொல். தள்ளிப்போடாமல் இந்த வாரமே செய்துவிடு. அப்பாவும் நானும் அவருக்காக ஜெபிக்க விரும்புகிறோம். அடுத்த முறை கூப்பிடும்போது அவர் பெயரை மட்டும் சொல்.

அன்புடன்,
அம்மா