பழகிவிட்டது என்கிறாயே!

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற வரியை மூன்று முறை படித்தேன். உன் மூட்டு வலியை ஒரு முறைதான். அது நமக்குப் புதிதா என்ன? ஆனால் சாலையோர வீட்டின் இரைச்சல் "பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குத்தான் இந்தப் பதில்.

எனக்கும் அச்சகத்து இயந்திரங்கள் பழகித்தான் இருந்தன. வேலை முடிந்து வெளியே வந்தால் காது அடைத்திருக்கும்; விடிவதற்குள் திறந்துவிடும். அந்தத் திறப்பை நம்பியே முப்பது வருடத்தை ஓட்டினேன். உள்காதின் நத்தைச் சுருளில் ஒலியை உணர்ந்து நரம்புக்குச் சொல்லும் மயிர்ச் செல்கள் சுமார் 15,000தான் இருக்கின்றன. இரைச்சலில் அவை செத்தால் செத்ததுதான். கோழிக்குக்கூட அவை மறுபடி வளர்கின்றன, நமக்கு வளர்வதில்லை. இது எந்த ஊர் நியாயமோ! 85 டெசிபெல் ஒலியை நாளைக்கு 8 மணி நேரம் கேட்கலாம் என்கிறார்கள். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குக் கால் மணி நேரம்தான். அப்போதே இது தெரிந்திருந்தாலும், காதை மூடிக்கொண்டால் சிரிப்பார்கள் என்று சும்மா இருந்திருப்பேன்.

2009-இல் எலிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியானது. இரைச்சலுக்குப் பிறகு அவற்றின் கேட்கும் திறன் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் மயிர்ச் செல்களையும் செவி நரம்பையும் சேர்க்கும் இணைப்புகள் பல அறுந்தே கிடந்தன. விடிந்ததும் என் காது "திறந்தது" என்ன லட்சணம் என்று அப்போதுதான் புரிந்தது. இப்போது நாலு பேர் கூடிப் பேசினால் ஒலி விழுகிறது, சொல் விழுவதில்லை. இரவில் ஒரு ரீங்காரம் வேறு. காதிலிருந்து வரவேண்டியது வராததால் மூளை தானே ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறதாம்.

உன் சாலை காதைக் கெடுக்காது; அது வேறு வகை. நள்ளிரவில் லாரி போகும்போது நீ விழிக்காவிட்டாலும் இதயத் துடிப்பு ஏறுகிறது, ரத்த அழுத்தமும் கூடுகிறது. மனம்தான் பழகுகிறது, உடம்பு பழகுவதில்லை. அடுத்த பக்கத்திலேயே ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டியதாக எழுதியிருக்கிறாய். நான் முடிச்சுப் போடவில்லை. மருத்துவரிடம் வீட்டைப் பற்றியும் சொல்.

1992-இல் மியூனிக் விமான நிலையம் வேறிடத்துக்கு மாறியது. பழைய இடத்துக் குழந்தைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் தேறின; புதிய இடத்துக் குழந்தைகளுடையவை சரிந்தன. பேத்தி எந்த அறையில் தூங்குகிறாள்? பின்பக்க அறையை அவளுக்குக் கொடு.

பதிலைக் கடிதமாகவே எழுது. தொலைபேசியில் நீ சொல்வதில் பாதி எனக்கு விழாது.

அன்புடன்,
சேகர்