மூன்றாவது மாடிக்குச் செடிகள் திரும்ப வேண்டும்

நிர்வாகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். கொசு ஒழிப்பை முன்னிட்டுச் செடிகளை அகற்றுவதாக நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையையும், அதன் பெயரால் அந்த வார இறுதியில் நடந்ததையும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை நாங்கள் வந்தபோது மூன்றாவது மாடியில் ஒரு செடிகூட இல்லை. தூண் ஓரத்து அரேகா பனைகள், ஜெராக்ஸ் மெஷின் பக்கத்திலிருந்த பாம்புக் கற்றாழை, மேசைகளில் நாங்கள் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்த சின்னத் தொட்டிகள் எல்லாம் போய்விட்டன. பதிலுக்குச் சுவரெங்கும் பிளாஸ்டிக் கொடி தொங்குகிறது.

கேட்பது ஒன்றுதான். எடுத்த செடிகளைத் திருப்பி வையுங்கள். அதற்குப் பட்ஜெட் இல்லையென்றால், எங்கள் மேசையில் எங்கள் செடியை நாங்களே வைத்துக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

சம்பளப் பிரிவு அக்கா ஒருவர் மேசையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் மணி பிளான்ட் வளர்த்தார். வீட்டுக் கொடியில் ஒரு கணுவை நறுக்கிக் கொண்டுவந்து தண்ணீரில் போட்டது. வேர் பாட்டிலின் அடிவரை இறங்கிச் சுருண்டு கிடக்கும். புது இலை விட்டால் பக்கத்து வரிசைக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவார். அவர் இருக்கையிலிருந்து ஜன்னல் தெரியாது; மூன்று பக்கமும் தடுப்பு, எதிரே கம்ப்யூட்டர் திரை. மாதக் கடைசியில் நம் எல்லாருடைய சம்பளத்தையும், உங்களுடையதையும் சேர்த்துத்தான், இரவு வரை உட்கார்ந்து சரிபார்க்கிறவர் அவர். எண்களிலிருந்து கண்ணை எடுத்தால் பார்ப்பதற்கு அவருக்கு அந்தப் பாட்டில்தான் இருந்தது. அதைத்தான் குப்பையில் போட்டிருக்கிறீர்கள்.

தூக்கிப் போட்ட ஹவுஸ்கீப்பிங் பெண்கள்மேல் எங்களுக்கு வருத்தமில்லை. அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். சுற்றறிக்கை வந்தது வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு. கம்பெனி பஸ் கிளம்புவது ஆறு மணிக்கு. ஒரு நாள் முன்னால் சொல்லியிருந்தால் அவரே பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார். 'சாரி மேடம், பாலிசி' என்று நீங்கள் அனுப்பிய ஒரு வரிப் பதிலை அவர் யாரிடமும் காட்டவில்லை. நாங்களாகத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

கொசு விஷயத்துக்கு வருகிறேன். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும் என்பது சென்னையில் மழைக்காலத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். முட்டை விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது. தொட்டித் தட்டுக்கும் மணி பிளான்ட் பாட்டிலுக்கும் இதே வைத்தியம் போதும். மொட்டைமாடியில் ஏசி தண்ணீர் சொட்டி நிரம்பி நிற்கும் வாளிக்கும் இதேதான். அந்த வாளி இன்னும் அங்கேயே இருக்கிறது.

கீழே வரவேற்பறையில் ஆள் உயர அரேகா பனைகளும் இருக்கின்றன, அடியில் தட்டோடு. கிளையன்ட் வந்து உட்காரும் இடத்தில் முட்டையிடக் கூடாது என்று கொசுக்களுக்குத் தனியாகச் சுற்றறிக்கை போயிருக்கும் போல. நர்சரிக்காரருக்குக் கொடுக்கும் மாத வாடகையைக் குறைக்கத்தான் இதெல்லாம் என்றால் அதையே சொல்லியிருக்கலாம். செலவைக் குறைப்பது உங்கள் வேலை, புரிந்துகொள்வோம். பழியைக் கொசுமேல் போட்டிருக்க வேண்டாம்.

செடி வைத்தால் அறைக்காற்று சுத்தமாகிவிடும் என்றெல்லாம் நான் வாதாட வரவில்லை. வாட்ஸ்அப்பில் சுற்றும் நாசா ஆய்வு 1989இல் வந்தது, மூடிய சிறு பெட்டிகளுக்குள் செடியை வைத்துச் செய்தது. நம் மாடி பெட்டி இல்லை, சில நாள் அப்படித் தோன்றினாலும். அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கட்டடத்தின் வழக்கமான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை வேண்டுமாம். அவ்வளவு வைத்தால் நாங்கள் படிக்கட்டில்தான் உட்கார வேண்டும்.

செடியால் வரும் பலன் வேறு. இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் இயங்கிவரும் அலுவலகங்களிலேயே செய்து 2014இல் வெளியான ஆய்வில், மொட்டையாக இருந்த இடத்தில் செடிகளை வைத்ததும் ஊழியர்களின் மனநிறைவும் கவனமும் கூடின, வேலைத்திறன் 15 சதவீதம் உயர்ந்தது என்றார்கள். சதவீதம் போட்டுச் சொன்னால்தான் உங்கள் மேசையில் கோப்பு நகரும் என்பதால் எழுதுகிறேன். பாம்புக் கற்றாழைக்குத் தண்ணீர் ஊற்ற எழுந்து போகிற ரெண்டு நிமிஷம் முதுகுக்கு எவ்வளவு நல்லது என்று எங்களுக்கு எந்த ஆய்வும் சொல்ல வேண்டியதில்லை.

பிளாஸ்டிக் கொடிக்கு அந்த வேலையும் இல்லை. அதை யாரும் துடைப்பதில்லை. ஏசி காற்றில் ஆடும்போதெல்லாம் இலைத் தூசி கீபோர்டில் விழுகிறது. இந்த அழகில் போன மாதம் மனநல வாரம் கொண்டாடினோம். இயற்கையோடு இணைந்திருங்கள் என்று ஒருவர் ஸ்லைடு போட்டுப் பேசினார், ஸ்லைடில் அருவிகூட இருந்தது. வெளியே நிஜமாகவே ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதைப் பார்க்க ஜன்னல் திரையைத் திறக்கக் கூடாது, கேட்டால் பாலிசி. ஏசி குளிரைக் குறைக்கவும் கூடாது. பாதிப் பேர் துப்பட்டாவையும் ஸ்வெட்டரையும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். கேன்டீன் விலை வேறு...

சரி, ஏசிக்கும் கேன்டீனுக்கும் தனியாக எழுதுகிறேன். இப்போது கேட்பது செடிகளை மட்டும்.

எங்கள் தரப்பில் செய்யத் தயாராக இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். மண் தொட்டிகளின் தட்டில் தண்ணீர் தேங்க விட மாட்டோம். பாட்டில் செடிகளை வெள்ளிக்கிழமைதோறும் மதியமே கழுவித் தண்ணீர் மாற்றுவோம். யார் மேசையில் கொசுப்புழு தெரிகிறதோ அவர் செடியை நீங்கள் எடுத்துப் போகலாம், எதிர்க் கேள்வி கேட்க மாட்டோம். வரிசைக்கு ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவும் தயார். உங்களுக்கு ஒரு ரூபாய் செலவில்லை.

ஆகவே, தூணோரச் செடிகளைத் திரும்ப வைக்கவும், இல்லாவிட்டால் மேசைச் செடிகளுக்கு அனுமதி தரவும் தயவுசெய்து ஆவன செய்யுங்கள். முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தாருங்கள். வெள்ளிக்கிழமை அனுப்புவதாக இருந்தால் ஆறு மணிக்கு முன்னால் அனுப்புங்கள், பஸ்ஸில் போகிறவர்களும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மூன்றாவது மாடி ஊழியர்களுக்காக ஒருவர்