கறிவேப்பிலைப் புழுவுக்கு மருந்து வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் மாடித்தோட்டப் பகுதியில், கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருக்கும் புழுவைக் கண்டதும் மருந்து அடிக்கச் சொல்லியிருந்தீர்கள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடியிலும் இரண்டு கறிவேப்பிலைத் தொட்டிகள் உண்டு. படித்ததும் மனசு கேட்கவில்லை.

அந்தப் புழு எச்சம் போல இருப்பதே உயிர் பிழைக்கத்தான். எச்சத்தை எந்த மைனா கொத்தித் தின்னும்? வளர்ந்து பெருத்த பிறகு அந்த வேஷம் எடுபடாது. அப்போது தோலுரித்து இலைப்பச்சைக்கு மாறிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக, கவட்டை போல ஒன்றை நீட்டும். நெடி வேறு அடிக்கும்.

அதிலிருந்து வருவது காமன் மார்மன் பட்டாம்பூச்சி. ஆண் கறுப்பு, பின்னிறகில் வெள்ளைப் புள்ளி வரிசை. பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். வேறு சில, சிவப்புத் திட்டுகளோடு, காமன் ரோஸ் என்ற இன்னொரு பட்டாம்பூச்சியை அச்சாக உரித்து வைத்திருக்கும். காமன் ரோஸின் புழு தின்பது ஆடுதீண்டாப்பாளையை. ஆடுகூடத் தீண்டாது என்று பெயரிலேயே சொல்லி வைத்திருக்கிறார்கள் நம் முன்னோர்! அந்த நஞ்சு பட்டாம்பூச்சியின் உடம்பிலும் தங்கிவிடுகிறது. ஒருமுறை கொத்திப் பட்ட பறவை அந்தச் சிவப்பைப் பார்த்தாலே விலகிவிடும். கறிவேப்பிலை தின்று வளர்ந்த நம் மார்மனுக்கு நஞ்சு கிடையாது, நிறம் மட்டும்தான். அசலைப் போல் இல்லாதவற்றைப் பறவைகள் தின்றுகொண்டே வர, ஒத்திருந்தவை தப்பி முட்டையிட்டுப் பெருகின. தலைமுறை தலைமுறையாக நிறம் இப்படித் தேறி வந்திருக்கிறது. ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ் 1865-லேயே இந்தப் பெண்களைப் பற்றி எழுதிவிட்டார். இதை ஆட்டிவைப்பது ஒரே ஒரு மரபணு என்று 2014-ல் கண்டுபிடித்தார்கள். நாம் அடையாளம் காண்பது சுலபம்: ரோஸின் உடம்பு சிவப்பு, மார்மனின் உடம்பு கறுப்பு.

போலிகள் மிகுந்து அசல் குறைந்தால் இந்த ஏற்பாடு பலிக்காது. பறவைகளுக்குப் பயம் விட்டுப்போகும். அதனால் ஆடுதீண்டாப்பாளையையும் களை என்று பிடுங்காதீர்கள் என்று சேர்த்து எழுதலாம்.

சரி, இலை போய்விடுமே என்றால், எங்கள் செடி இரண்டு முறை மொட்டையாகித் துளிர்த்திருக்கிறது. மருந்தடித்த இலையை ரசத்தில் போடுவது நாம்தானே? அடுத்த இதழில் புழுவின் படத்தோடு ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை