மலைப்பாதைக்குக் கோடு போட வேண்டியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலைச்சாலைகளைப் பராமரிக்கும் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் பாதையில் குழி விழுந்த இடங்களுக்கெல்லாம் புதுத் தார் போட்டுக் கொடுத்தீர்கள். நன்றி. அந்தப் பாதை முன்பு இருந்த கோலம் உங்களுக்கே தெரியும், அதை மறுபடி எழுதப் போவதில்லை. தார் போட்ட இடங்களில் இன்னும் கோடு போடவில்லை. அதைப் போட்டுத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

நான் இங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். என்னிடம் பழகி அண்மையில் லைசென்ஸ் எடுத்த பெண் ஒருத்தி, போன வாரம் தன் அம்மாவை மேட்டுப்பாளையத்துக்கு அழைத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பாதி வழியில் நல்ல பனி. எதிரே பஸ் ஏறி வருகிறது. குறுகலான மலைப்பாதையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது விதி, அது அவளுக்கும் தெரியும். ஆனால் எங்கே ஒதுங்குவது? நடுக்கோடும் இல்லை, ஓரக்கோடும் இல்லை. இடது ஓரத்தில் போவதாக நினைத்துப் பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். பஸ் டிரைவர் புண்ணியவான், நிறுத்திவிட்டார். கார் கண்ணாடியோடு போயிற்று.

விசாரிக்க வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "வளைவு போர்டைப் பார்க்கலையாம்மா?" போர்டு இருக்கத்தான் செய்கிறது. பாதியை உண்ணிச்செடி மூடியிருக்கிறது, மீதியை ஒரு ரிசார்ட்டின் ஃபிளெக்ஸ் மறைத்திருக்கிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் அரிவாளோடுதான் வண்டி ஓட்ட வேண்டும்.

வெயில் நாளில் கோடு இல்லாமல் சமாளித்துவிடலாம். எங்கள் பக்கம் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் பனியும் கூடவே வரும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே அடிக்கும். அதனால் லைட்டைத் தாழ்த்தி, இரண்டாம் கியரில், ஓரக்கோட்டைப் பார்த்துக்கொண்டே இறங்குவோம். வருடக்கணக்காக ஓட்டுகிறவனுக்கு எந்த மரம் தாண்டினால் எந்த வளைவு என்பது அத்துப்படி. புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கோட்டை விட்டால் வேறு கதியில்லை.

வட்டம் என்றால் கட்டளை, முக்கோணம் என்றால் எச்சரிக்கை, செவ்வகம் என்றால் தகவல் என்று சொல்லித்தான் பாடத்தை ஆரம்பிப்பேன். இரண்டு கோடு சேர்ந்து வந்தால், நம் பக்கத்துக் கோடு விட்டு விட்டு இருந்தால் பார்த்துத் தாண்டலாம், விடாமல் போனால் தாண்டக் கூடாது. பழகுவதற்கு முதலில் எடுக்கும் எல்.எல்.ஆர். லைசென்ஸ் தேர்விலும் இதைத்தான் கேட்கிறார்கள், நூற்றுக்கு அறுபதாவது சரியாகச் சொல்ல வேண்டும். சரி, நியாயம்தான். அந்தக் கோட்டைக் காட்டுங்கண்ணா என்று பிள்ளைகள் கேட்டால் நான் எங்கே போய்க் காட்டுவது? 30 என்று எழுதிய வட்டம் ஒன்று இருக்கிறது. எண் வெளுத்து, வட்டம் மட்டும்தான் மிச்சம். கட்டளை இருக்கிறது, என்ன கட்டளை என்பதுதான் தெரியவில்லை.

2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்றம் சொல்லி வந்த ஏற்பாடு, குறை சொல்லவில்லை. எந்த வண்டி, எத்தனை பேர் என்றெல்லாம் கேட்கிறோம். கொண்டை ஊசி வளைவை வாழ்நாளில் பார்த்திராதவரும் அதை வாங்கிக்கொண்டு ஏறி வருகிறார். இறங்கும்போது நியூட்ரலில் விட்டு, பிரேக்கையே மிதித்துக்கொண்டு, புகை வாசனையோடு ஓரம் கட்டுகிறார். அவருக்கும் போர்டு தெரிவதில்லை. சீசன் வந்தால் பூங்காவில் கல்லுக்குக்கூடப் பெயின்ட் அடிக்கிறோம், ரோட்டுக்குத்தான் டப்பா தீர்ந்துவிடுகிறது.

கோபத்தில் கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது புதுச் சாலை இல்லை. அக்டோபர் மழைக்கு முன் நடுக்கோடும் ஓரக்கோடும் போட்டுத் தாருங்கள். போர்டுகளை மறைக்கும் செடியை வெட்டி, ஃபிளெக்ஸை அவிழ்க்கச் சொல்லுங்கள். கோடு போடும் நாளை முன்கூட்டியே சொன்னால், பயிற்சி வண்டிகளை அந்தப் பக்கம் கொண்டுவர மாட்டோம். வளைவுகளில் கொடி பிடித்து வண்டிகளை நிறுத்திவிட ஆள் வேண்டுமென்றால், நாங்களே வந்து நிற்கிறோம்.

இப்படிக்கு,
கோத்தகிரியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒருவன்