கன்ட்ரோல் பாத்தி எங்கேடா?

அன்புள்ள மாப்ளே,

பதில் போடத் தாமதம்தான், திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். பெரியவர் இன்னும் அதே மொபெட்டில்தான் சுற்றுகிறார்.

ஸ்வீட் கார்னில் எந்தப் புழு மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கும் உன் சோதனைத் திட்டத்தைப் படித்தேன். எமாமெக்டின், ஸ்பைனிடோரம், குளோரான்ட்ரானிலிப்ரோல், வேம்பு, எல்லாம் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்தே அடிக்காத கன்ட்ரோல் பாத்தி எங்கேடா? "புழு தின்ன விட்டால் அப்பா கத்துவார்" என்கிறாய். கத்தட்டும்.

படைப்புழு கொஞ்சம் வளர்ந்ததுமே ஒன்றையொன்று தின்னும். ஒரு குருத்தில் எத்தனை நுழைந்தாலும் கடைசியில் ஒன்றிரண்டுதான் மிஞ்சும். முற்றியது மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகும். பலத்த மழையிலும் கொஞ்சம் சாகும். இத்தனைக்கும் பேர் வாங்குவது மருந்துதான். மருந்து அடித்த பாத்தியில் 20 புழு 6 ஆனால் 70 சதம் என்று குதிப்பாய். சும்மா விட்ட பாத்தியிலும் 20 தானாக 12 ஆகியிருந்தால்? 1955-இல் ஹெண்டர்சனும் டில்டனும் தந்த வாய்ப்பாட்டில் போட்டுப் பார், சும்மா விட்டதில் மிஞ்சிய 12-க்கு இங்கே 6, வெறும் 50 சதம். அதனால் அடிப்பதற்கு முந்தின நாளும் எல்லாப் பாத்தியிலும் புழுவை எண்ண வேண்டும். பிறகு 3, 7, 14-ஆம் நாள். ஓரச் செடிகளைத் தொடாதே, நடு வரிசையில் பத்துச் செடிக்கு நாடா கட்டு.

அளவு: 4க்கு 5 மீட்டர் பாத்திக்கு ஒரு லிட்டர் கரைசல், அதாவது ஹெக்டேருக்கு 500 லிட்டர் கணக்கு. எமாமெக்டின் 5 எஸ்ஜி (5 சத மருந்துள்ள, நீரில் கரையும் குறுணை) லிட்டருக்கு 0.4 கிராம். அதை மளிகைத் தராசில் நிறுக்க முடியுமா? 4 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, அதில் 100 மில்லியோடு 900 மில்லி தண்ணீர் சேர். அன்றன்றைக்குக் கலக்கு, சாயங்காலம் அடி. வெயிலில் அது சீக்கிரம் சிதைந்துவிடும். முதலில் வேம்பு, பிறகு மற்றவை, நடுவில் டேங்கை மும்முறை கழுவு.

தெளிப்பானின் நாசில் குருத்துக்குள் பார்க்கட்டும். கதிர் விட்டபின் குறி மாறும்: அப்போது வரும் காய்ப்புழு கதிர் நுனியில் தொங்கும் பட்டு நூலில்தான் பெரும்பாலும் முட்டையிடும், பொரித்ததும் நூல் வழியே உள்ளே போய்விடும். உள்ளே போனதை எந்த மருந்தும் தொடாது. ஆகவே நூல் தலைகாட்டியதுமே அடி, மேல் இலையில் அல்ல, கதிரின் நுனியில்.

ஒரு விஷயம் விளையாட்டில்லை. இது பச்சையாகவே கடிக்கிற கதிர். லேபிளில் போட்டிருக்கும் காத்திருப்பு நாள் முடியும்வரை பிள்ளைகள் யாரும் ஒடிக்கக் கூடாது, தட்டையும் மாட்டுக்குப் போகக் கூடாது.

பாத்தி வரைபடத்தை அனுப்பு. சீட்டுக் குலுக்கிப் போட்டாயா, இல்லை வாய்க்கால் ஓரமாய் உனக்குப் பிடித்த மருந்தை வைத்தாயா என்று பார்க்கிறேன்.

உன்,
பழைய ரூம் மேட்