ஆண்டோடு பிழை வரம்பையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அகழாய்வுச் செய்திகள் தமிழ் நாளிதழ்களில் முதல் பக்கத்துக்கு வந்திருப்பது மகிழ்ச்சி. ஆனால் கீழடி என்றால் கி.மு. 580, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை என்றால் கி.மு. 3345 என்று ஒற்றை எண் மட்டும் தலைப்பில் நிற்கிறது. எந்தப் பொருளை அளந்தார்கள், பிழை வரம்பு எவ்வளவு என்பது உள்ளேயும் இருப்பதில்லை. எந்த ஆய்வகமும் ஒற்றை ஆண்டைத் தருவதில்லை.

கரி, நெல் போன்றவற்றில் எஞ்சிய கதிரியக்கக் கரிமத்தை அளந்து ஆய்வகம் முதலில் தருவது 2450 ± 30 போன்ற ஓர் எண். அது 1950ஆம் ஆண்டிலிருந்து பின்னோக்கி எண்ணிய கரிம ஆண்டு. அதில் 1950ஐக் கழித்தால் கி.மு. கிடைத்துவிடும் என்று நினைப்பது தவறு. காற்றில் இருந்த கதிரியக்கக் கரிமத்தின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், மரவளையங்களை ஆண்டுவாரியாக எண்ணி உருவாக்கிய திருத்த வளைவோடு ஒப்பிட்டாக வேண்டும். அந்த வளைவு ஒரே சரிவாக இறங்குவதுமில்லை. 2700 ± 30 என்ற அளவு திருத்தியபின் ஏறத்தாழ கி.மு. 905 முதல் 805 வரை, நூறு ஆண்டுக்குள் அடங்கும். அதே ± 30 உள்ள 2450 ஏறத்தாழ கி.மு. 755 முதல் 410 வரை நீளும். கி.மு. 800க்கும் 400க்கும் இடையே வளைவு ஏறக்குறையத் தட்டையாகக் கிடப்பதே, அதாவது வேறுவேறு ஆண்டுகளுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு வருவதே, காரணம். கீழடியின் 580, பழனி அருகே பொருந்தலில் கிடைத்த நெல்லின் 490 இரண்டுமே இந்தத் தட்டைப் பகுதிக்குள் விழுகின்றன என்பது நமது துரதிர்ஷ்டம்.

இங்கே கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரே குழியில் கீழிருந்து மேலாகப் பல மாதிரிகளை எடுத்து, மண்ணடுக்கின் வரிசையையும் கணக்கில் சேர்த்தால்தான் வரம்பு சுருங்கும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்து மாதிரிக்குக் கி.மு. 205 என்று வந்தது. கீழே போகப் போகக் காலம் பின்னோக்கிப் போகிறது என்ற இந்த ஒழுங்கு, 580 என்ற எண்ணைவிடப் பெரிய செய்தி என்பேன்.

அடுத்தது, எதை அளந்தார்கள் என்பது. நெல் ஒரே பருவத்தில் விளைந்து முடிவது. அது காட்டும் காலம் அறுவடைக் காலம். கரித்துண்டு அப்படியல்ல. மரத்தின் வைரப் பகுதி வளர்ச்சியை நிறுத்திய நாளிலிருந்தே அதன் கரிமக் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். இருநூறு வயது மரத்தின் நடுப்பகுதியை வெட்டிய அன்றே எரித்திருந்தாலும், அந்தக் கரி இருநூறு ஆண்டு கூடுதலாகக் காட்டும். சிவகளையில் முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லுக்குக் கி.மு. 1155, கரிக்குக் கி.மு. 3345. நெடுங்காலம் புழங்கிய இடுகாட்டில் இரண்டுமே உண்மையாக இருக்க முடியும். ஆனால் பின்னதை மட்டும் சொல்லி முன்னதை விட்டால் வாசகருக்குப் பாதிச் செய்திதான் போய்ச் சேரும். தாழிகளில் கிடைத்த இரும்புக்கும் அந்தக் காலமே சொல்லப்படுகிறது; ஆனால் அளக்கப்பட்டது கரியே தவிர இரும்பு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தாழியின் மூடி உடைந்திருந்தால் வெளி மண் எப்போது வேண்டுமானாலும் உள்ளே இறங்கியிருக்கும். ஆகவே கரியும் இரும்பும் ஒரே நாளில் வைக்கப்பட்டவைதானா என்பதே முதல் கேள்வி.

களத்தில் மாதிரி கெடுவதும் உண்டு. கரிம அணுக்களை நேரடியாக எண்ணும் ஏ.எம்.எஸ். முறைக்கு ஒரு மில்லிகிராம் கரிமமே போதும் என்பதால் சின்ன அழுக்கும் கணக்கில் ஏறும். தென்னந்தோப்பு மண்ணில் மயிரிழை வேர்கள் கரிக்குள் புகுந்திருக்கும். ஈரக் கரியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். இடுக்கியால் எடுத்து, அலுமினியத் தாளில் பொதிந்து, விவரச்சீட்டை வெளியே ஒட்டுவதே முறை. ஆய்வகத்தில் முதலில் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். பிறகு காரம் மண்ணின் மட்குப் பொருளை நீக்கும். காரக் கட்டத்தில் காற்றிலிருந்து ஒட்டிய கரியமில வாயுவை இரண்டாவது அமிலக் கழுவல் போக்கும். இத்தனையும் தாண்டி 2,500 ஆண்டுப் பழைய கரியில் பத்து விழுக்காடு இன்றைய கரிமம் கலந்திருந்தால், வயது ஏறத்தாழ 290 ஆண்டு குறைந்து தெரியும். ஒரு விழுக்காடு என்றால் முப்பது ஆண்டுதான். புதுக் கரிமம் கலந்தால் காலம் இளமையாகத்தான் தெரியும், பழமையாகாது. இந்தக் காலக்கணிப்புகளை எதிர்ப்பவர்கள் பலர் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

பானையோட்டை ஒளியுமிழ்வு முறையில், அதாவது அதன் மணல் துகள்களில் தேங்கிய ஆற்றலை ஒளியாக அளந்து, கணிக்கும்போது கதை வேறு. கடைசியாகச் சூடேறிய காலத்தை அது சொல்லும். ஓட்டின் மேற்புறத்தைச் செவ்வொளியில் சுரண்டி நீக்க வேண்டும். சுற்றியிருந்த மண்ணையும் அதன் ஈரப்பதத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இவற்றில் ஒன்று தப்பினாலும் கணக்கு பிசகும். பிழை வழக்கமாக ஐந்து முதல் பத்து விழுக்காடு. 4,000 ஆண்டுப் பழைய ஓட்டுக்கு முன்பின் 200 முதல் 400 ஆண்டு.

ஆகவே இனி இத்தகைய செய்தியில் குழி, ஆழம், கரியா நெல்லா ஓடா என்ற விவரம், ஆய்வக எண், 95 விழுக்காட்டு வரம்பு (உண்மையான காலம் அடங்க 95 விழுக்காடு வாய்ப்புள்ள வரம்பு) ஆகியவற்றை ஒரு சிறு பெட்டியில் தாருங்கள். மூன்று வரிக்கு மேல் ஆகாது. இடம் போதவில்லை என்றால் ‘உலகிலேயே முதன்முறை’ என்ற சொற்களை எடுத்துவிடலாம்.

இப்படிக்கு,
தொல்லியல் துறை சார்ந்த வாசகர்,
மதுரை