சந்துத் தகராறும் முன்ஜாமீனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நில அளவைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவன் நான். அண்டை வீட்டாரிடையே எழும் குற்ற வழக்குகளில் முன்ஜாமீன், அதாவது கைதாவதற்கு முன்பே நீதிமன்றத்தில் கேட்டு வாங்கும் ஜாமீன், பெறுவது எளிய குடும்பங்களுக்கு எவ்வளவு பெரிய சுமையாகிவிட்டது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் காவல்துறை உயர் அதிகாரிகளுக்கும் நீதித்துறைக்கும் தெரிவிக்க விரும்புகிறேன். பணிக்காலத்தில் புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு நான் எல்லைக்கல் தேடிய இடங்களில் பல, அடிதடி நடந்து முடிந்த இடங்கள். ஓய்வுக்குப் பிறகு, தெரிந்தவர்களுக்காக மூன்று முறை ஜாமீன்தாரராக நீதிமன்றப் படியேறியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வீட்டுக் கூரைத் தண்ணீர் முக்கால் அடிச் சந்து வழியாகப் பக்கத்து வீட்டுச் சுவரில் இறங்கியது. பேச்சு முற்றிக் கைகலப்பாகி, மண்வெட்டிக் காம்பு ஒருவர் முழங்கையில் பட்டது. மற்றவருக்கு உதட்டில் காயம். இரு தரப்பும் அரசு மருத்துவமனைக்குச் சென்றன, இரு தரப்பின் மீதும் முதல் தகவல் அறிக்கை பதிவானது. அவற்றுள் ஒன்றில் ஐந்து பெயர்கள் இருந்தன. சண்டையிட்டவரோடு அவருடைய மனைவி, தம்பி, எழுபத்தொரு வயதுத் தாய், அன்று திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்த மகன் ஆகியோரும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாலை செய்தி தெரிந்ததும் குடும்பமே வீட்டைப் பூட்டிக்கொண்டு உறவினர் ஊருக்குப் போய்விட்டது. சனியும் ஞாயிறும் நீதிமன்ற விடுமுறை என்பது அந்தக் கிழவிக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவர்கள் முன்ஜாமீனோடு திரும்பிவரப் பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை அவர்களுடைய மாட்டுக்குத் தண்ணீர் காட்டியது எதிர் வீட்டுப் பெண்.

முன்ஜாமீன் என்ற ஏற்பாடு எதற்காக வந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. செல்வாக்குள்ளவர்கள் தங்களுக்கு வேண்டாதவர்களைப் பொய்வழக்கில் சிக்கவைத்துச் சில நாளாவது சிறையில் அடைத்து அவமானப்படுத்த முயல்வதைச் சுட்டிக்காட்டி, சட்ட ஆணையம் தன் 41-ஆவது அறிக்கையில் இதைப் பரிந்துரைத்தது. 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 438-ஆம் பிரிவாக இடம்பெற்ற அது, 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 482-ஆம் பிரிவாக இருக்கிறது. குர்பக்ஷ் சிங் சிப்பியா வழக்கில் 1980-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஒருவரைக் கைது செய்வித்து இழிவுபடுத்துவதே குற்றச்சாட்டின் நோக்கம் என்று தோன்றினால் பொதுவாக முன்ஜாமீன் வழங்கப்படும் என்று கூறியது. முதல் தகவல் அறிக்கை பதிவாகும் வரை காத்திருக்க வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியது. தெருச் சண்டையில் குடும்பத்தினர் அனைவரின் பெயரையும் புகாரில் எழுதிக் கொடுப்பவருடைய நோக்கமும் பெரும்பாலும் அந்த இழிவுபடுத்தல்தான். தண்டனை வாங்கிக் கொடுப்பது அவருக்கு முக்கியமில்லை. எதிரி ஒரு வாரமாவது தலைமறைவாக அலைய வேண்டும், வழக்கறிஞர் கட்டணத்துக்கு நகையை அடகு வைக்க வேண்டும் என்பதே அவருக்கு வேண்டியது.

ஆனால் இத்தகைய வழக்குகளில் பலவற்றுக்கு முன்ஜாமீன் மனுவே தேவைப்படக் கூடாது என்பதுதான் என் கருத்து. ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில் கைது என்பது தானாக நடந்துவிடக் கூடாது, கைது தேவையில்லாத இடத்தில் முன்னிலையாகும்படி அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-லேயே உத்தரவிட்டு, மீறும் காவல் அதிகாரி துறை நடவடிக்கைக்கும் நீதிமன்ற அவமதிப்புக்கும் உள்ளாவார் என்றும் எச்சரித்தது. புதிய சட்டத்தின் 35(3) பிரிவு அந்த அறிவிப்பைப் பற்றியதே. அறிவிப்பின்படி வந்து ஒத்துழைப்பவரை, காரணத்தை எழுத்தில் பதிவுசெய்யாமல் கைது செய்ய முடியாது. எங்கள் தெரு வழக்கில் அந்த ஒரு தாள் வீட்டுக்கு வந்திருந்தால், ஐந்து பேரும் பகலிலேயே காவல் நிலையம் சென்று தங்கள் பக்கத்தைச் சொல்லியிருப்பார்கள். வந்ததோ, ராத்திரி பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற வாய்ச்செய்தி.

மூதாட்டியின் பெயர் என்னை மிகவும் உறுத்துகிறது. அறுபது வயதைக் கடந்தவர்களையும் உடல் நலிந்தவர்களையும், மூன்றாண்டுக்குக் குறைவான தண்டனையுள்ள குற்றத்துக்காகத் துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் முன் அனுமதியின்றிக் கைது செய்யக் கூடாது என்று அதே சட்டத்தின் 35(7) பிரிவு சொல்கிறது. அண்டை வீட்டு அடிதடியில் வழக்கமாகச் சேர்க்கப்படும் ஆயுதத்தால் காயப்படுத்துதல் என்ற குற்றத்துக்கோ, புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(1) பிரிவின்படி மூன்றாண்டு வரை தண்டனை உண்டு. ஆகவே அந்தப் பிரிவைச் சேர்த்த உடனே முதியவருக்கான பாதுகாப்பு கைநழுவிப் போகிறது. காயப்படுத்தியதாகச் சொல்லப்படும் கருவி உண்மையிலேயே உயிருக்கு ஆபத்தானதா என்பதை மருத்துவச் சான்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்பிரிவைச் சேர்ப்பது, விசாரணை அதிகாரிக்கு அரை மணி நேர வேலைதான்.

முன்ஜாமீன் கிடைத்த பிறகும் சிரமம் தீர்ந்துவிடுவதில்லை. குறித்த நாட்களுக்குள் நடுவர் நீதிமன்றத்தில் சரணடைந்து, இருவர் ஜாமீனோடு பிணைமுறி கொடுத்து, பிறகு தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது நம் மாநிலத்தில் பரவலாகக் காணப்படும் நிபந்தனை. பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் நிற்கும் கொத்தனாருக்கு அன்றைய கூலி கிடையாது. கட்டுப்படுத்தும் நிபந்தனைகளை வழக்குக்கு வழக்கு ஆராய்ந்தே விதிக்க வேண்டும், எல்லா வழக்குகளிலும் ஒரே மாதிரி விதித்துவிடக் கூடாது என்று சுசீலா அகர்வால் வழக்கில் 2020-இல் அரசியல் சாசன அமர்வு கூறியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் ஓடி ஒளியக் கூடியவர் அல்லர். புகார்தாரர் வாசலில் நின்றாலே அவரைப் பார்க்கலாம். விசாரணைக்கு அழைக்கும்போது வர வேண்டும், சாட்சிகளை மிரட்டக் கூடாது என்பவையே இத்தகைய வழக்கில் போதுமானவை. கையெழுத்து அவசியம் என்று நீதிமன்றம் கருதினால், வாரம் ஒருநாள் மாலையில் வைக்கலாமே.

அடிபட்டவர் பக்கத்தையும் நான் மறக்கவில்லை. அண்டை வீட்டுச் சண்டை என்ற பெயரில் உண்மையான கொடுமைகளும் நடக்கின்றன. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தப்பட்ட குடும்பத்தின் புகாரைக் குழாயடிச் சண்டை என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காகவே வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுக்கிறது, அது தடுப்பதும் சரியே. முகாந்திரமே இல்லாத புகாருக்கு அத்தடை பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் தெளிவுபடுத்தியிருப்பது போதிய பாதுகாப்பு. வழக்கும் எதிர்வழக்கும் இருந்தால் இரண்டையும் ஒரே அதிகாரி விசாரிக்க வேண்டும் என்ற காவல் நிலையாணையும், முதலில் அடித்தவர் யார் என்பது மறைந்துபோகாமல் இருப்பதற்காகத்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வழக்கில் சாட்சிகளை விசாரித்தார்கள், மற்றது கோப்பிலேயே கிடக்கிறது.

இத்தனைக்கும் இடையில் அந்தச் சந்தின் அகலத்தை இதுவரை யாரும் அளக்கவில்லை. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) புல எண்ணைக் குறிப்பிட்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தினால், நில அளவர் இரு தரப்புக்கும் முன்னறிவிப்புக் கொடுத்து அளந்து காட்டுவார். அதை ஏற்காதவர் உரிமையியல் நீதிமன்றம் செல்லலாம். எல்லை பற்றிய புகாரோடு வருகிறவர்களைக் காவல் நிலைய ஆய்வாளர் அன்றைக்கே வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கும் நில அளவைப் பிரிவுக்கும் அனுப்பிவைத்து, காயம் பற்றிய வழக்கை மட்டும் 35(3) அறிவிப்போடு தொடர்ந்தால், முன்ஜாமீன் கேட்டு மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தேறும் குடும்பங்கள் கணிசமாகக் குறையும். இதற்குப் புதிய சட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்கள் தங்கள் நிலையங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும் என்பதால், அதை அடுத்த பருவமழைக்கு முன்பாகவே செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவர்,
தஞ்சாவூர் மாவட்டம்